உமி பெலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டம், தம்பலகாமத்தில் வயல் ஓரமாக ஒரு தகரக் கொட்டில். உள்ளே உமி அரைக்கிற மெஷின் ஒன்று, பெலட் அடிக்கிற மெஷின் ஒன்று, சுவரில் முட்டாமல் அடுக்கிய மூடைகள். கந்தளாய், கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று நாலு பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பாதிப்பேர் வாங்க வருகிறார்கள். மீதிப்பேர் தாங்களும் ஒரு மெஷின் போடலாமா என்று நோட்டம் பார்க்க வருகிறார்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆளாளுக்குச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன்.

பெலட் என்றால் என்ன?

விறகுக்குப் பதிலாக எரிக்கிற குச்சி. கோழித்தீனில் குச்சி குச்சியாக வருமே, அதே உருவம். 6 அல்லது 8 மில்லிமீற்றர் தடிப்பு, விரல்கணு அளவு நீளம். கோழித்தீன் அடிக்கிற மெஷினும் இதுவும் ஒரே குடும்பம். உமியையோ மரத்தூளையோ மாவாக அரைத்து, துளை போட்ட இரும்புத் தட்டுக்குள்ளால் உருளைகள் நெருக்கித் தள்ளும். மறுபக்கம் சுடச்சுடக் குச்சியாக விழும். விழும்போது நெல் வறுத்த மணம் வரும். அந்த மணம் கருகல் மணமாக மாறினால் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

உமியை அப்படியே எரிக்கலாமே, எதற்கு இந்தப் பாடு?

சரியான கேள்வி. அப்படியே எரிக்கலாம். கந்தளாயில் நெல் அவிக்கிற மில்கள் எல்லாம் காலங்காலமாக அதைத்தான் செய்கின்றன. உமி விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நெருப்பு இருந்தால் பெலட் தேவையே இல்லை. பெலட் விற்கிற நான் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதல்ல, ஆனால் உண்மை அதுதான்.

சிக்கல் உமியை ஏற்றி அனுப்பும்போது தொடங்குகிறது. ஒரு கனமீற்றர் உமி 100, 110 கிலோவுக்கு மேல் நிற்காது, மீதியெல்லாம் காற்று. 20 கனமீற்றர் பெட்டி உள்ள லொறியில் கூம்பாகக் குவித்து, படங்கு போட்டு இறுக்கிக் கட்டினாலும் 2 தொன்தான் ஏறும். கந்தளாயிலிருந்து திருகோணமலை நகரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர், நிலாவெளி அதற்கும் அப்பால். அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் ஊற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டு போவதா? அதே உமி பெலட்டானால் கனமீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல் நிற்கும். 8 தொன் ஏற்றக்கூடிய லொறியில் பெட்டி நிரம்புவதற்கு முன்பே பாரம் நிரம்பிவிடும். நாலு நடை ஒரு நடையாகிவிடும்.

இன்னொன்று, உமியைத் தானாக ஊட்டுவது கஷ்டம். குழாயில் அடைக்கும், காற்றில் பறக்கும், ஒரு நேரம் கொட்டும், ஒரு நேரம் நிற்கும். பெலட் நெல்மணி போல உருண்டு ஓடும். ஒரு திருகுத்தண்டு மோட்டரில் சுற்றினால் நிமிடத்துக்கு இத்தனை கிராம் என்று அளந்து நெருப்புக்குள் போடலாம்.

எங்கள் மாவட்டத்தில் என்ன கழிவு கிடைக்கிறது?

முதலில் உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு தொன் நெல் குத்தினால் 200 கிலோ. புழுங்கல் அரிசி மில்காரர் அதில் பெரும்பங்கை நெல் அவிக்கவும் காயவைக்கவும் தானே எரித்துவிடுவார். பச்சையரிசி மட்டும் குத்துகிறவரிடம் முழுவதும் மிஞ்சும். சின்ன மில்களில் உமியும் தவிடும் கலந்து வருவது மாட்டுத் தீனியாகப் போய்விடும். ஆகவே "இவ்வளவு நெல் விளைகிறது, ஐந்தால் வகு" என்று கணக்குப் போட்டு மெஷின் வாங்கக் கிளம்பாதீர்கள். மில் மில்லாகப் போய்ப் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். குவியல் புகைந்துகொண்டிருந்தால் அங்கே உமி மிச்சம் இருக்கிறது.

அடுத்தது மரக்காலைகளிலும் தளபாடப் பட்டறைகளிலும் விழுகிற மரத்தூள். தரத்தில் இதுதான் ராசா, ஆனால் அளவு குறைவு. பச்சை மரம் அரிந்த தூளில் பாதி தண்ணீர். பிறகு கச்சான் (கடலை) கோது, சோளன் பொத்தி, தேங்காய்த் தும்புத் தூள். சிரட்டையை நான் தொடுவதில்லை. அதைக் கரியாக்கி விற்றால் இதைவிட நல்ல காசு.

கந்தளாய் சீனித் தொழிற்சாலை ஓடிய காலத்தை ஞாபகம் வைத்திருக்கிற பெரியவர்கள் கரும்புச் சக்கையைப் பற்றிக் கேட்பார்கள். ஐயா, ஆலை மூடிப் பல காலம், சக்கையும் அதோடு போயிற்று.

வைக்கோல்தான் வயல் வயலாகக் கிடக்கிறதே? அதை ஏன் எடுப்பதில்லை?

இதைக் கேட்காமல் யாரும் போனதில்லை. வேளாண்மை வெட்டு முடிந்ததும் மெஷின் வரிசை வரிசையாகக் கக்கிவிட்டுப் போன வைக்கோலை மாலையில் தீ வைப்பதை மாவில் ஆறு ஓரமெல்லாம் பார்க்கலாம். பார்க்க வயிறு எரியும். ஒரு ஏக்கரில் ஒன்றரைத் தொன் அளவில் வைக்கோல் இருக்கும், நெல் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு.

ஆனால் வைக்கோல் நெருப்புக்குப் பொல்லாத சாமான். அதில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பொட்டாசியம் இருந்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகி, ஆறும்போது கண்ணாடிக் கட்டி போல அடுப்புத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். உளியும் சுத்தியலும் எடுத்துத்தான் உடைக்க வேண்டும். குளோரின் பொயிலர் குழாயை அரிக்கும். உமிச் சாம்பலில் இந்தத் தொல்லை குறைவு. அது கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா, லேசில் உருகாது. மழையில் சில வாரம் கிடந்த வைக்கோலில் இந்த உப்புகள் கழுவப்பட்டுப் போகும், எரிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதைத் திரும்பக் காயவைக்க வேண்டுமே.

எரிப்பதை விடுங்கள். ஒரு தொன் வைக்கோலில் 15 கிலோ அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது எம்.ஓ.பி. என்கிற பொட்டாசியப் பசளை மூடைக்கு எங்கள் ஆட்கள் அலைந்த அலைச்சல் மறந்துவிட்டதா? அந்தப் பசளைதான் வைக்கோலாகக் கிடக்கிறது. வயலிலேயே பரப்பி உழுது மடிப்பது முதல் நல்ல வழி, மாட்டுக்குப் போடுவது இரண்டாவது. அதுக்கும் மேல் மிஞ்சி, எப்படியும் தீ வைக்கத்தான் போகிறார்கள் என்றால் மட்டும் பெலட். அப்போதும் நான் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலப்பதில்லை. வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டுகிற மெஷின், ஏற்றுகூலி, அடுக்க இடம் என்று கணக்குப் பார்த்தால் கைக்காசும் போய்விடும்.

எவ்வளவு சூடு தரும்?

ஒரு கிலோ உமி பெலட் சுமார் 14 மெகாஜூல். மரத்தூள் பெலட் 17 வரை. நன்றாகக் காய்ந்த விறகு 15, ஈர விறகு 10 அல்லது அதற்கும் கீழே. ஈர விறகின் எடையில் பெரும்பங்கு தண்ணீர், நெருப்பில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. நிலக்கரி 25 அளவில், உலை எண்ணெய் 40, சமையல் காஸ் 46.

ஒரு தொன் நெல்லின் உமியை முழுவதும் பெலட் ஆக்கினால் கிட்டத்தட்ட 70 கிலோ உலை எண்ணெயின் சூடு அதில் இருக்கிறது. குப்பை என்று ரோட்டோரம் கொட்டுகிற சாமானில்.

காஸ் சிலிண்டரோடு ஒப்பிட்டால் இலாபமா?

விலை மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் கணக்குப் போடுகிற வழியைச் சொல்கிறேன். 12.5 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு சுமார் 575 மெகாஜூல். காஸ் அடுப்பு அதில் பாதிக்குச் சற்று மேல் பானைக்குக் கொடுக்கும். நல்ல பெலட் அடுப்பு மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்ய 65 கிலோ வரை உமி பெலட் வேண்டும். ஆகவே இன்றைய சிலிண்டர் விலையை 65ஆல் வகுங்கள். வருகிற தொகையைவிடப் பெலட் கிலோ விலை நன்றாகக் குறைவாக இருந்தால் யோசியுங்கள். ஏதோ கொஞ்சம் குறைவு என்றால் விட்டுவிடுங்கள். காஸ் அடுப்பைத் திருகினால் பற்றும், பெலட் அடுப்பை மூட்டி, ஊட்டி, சாம்பல் அள்ள வேண்டும். அந்தப் பாட்டுக்கும் ஒரு விலை உண்டு, வீட்டில் அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் கட்டுகிறார்கள்.

அப்படியானால் வீட்டுக் குசினிக்கு உகந்ததில்லையா?

மூன்று கல் அடுப்பில் போட்டால் எரியாது. பெலட் நெருக்கமாக மண்டிக்கொள்ளும், காற்றுப் போகாது, புகை மட்டும் வரும். இதற்கென்று சின்ன விசிறி வைத்த அடுப்பு இருக்கிறது. டின் மாதிரி இருக்கும், மேலே பற்றவைக்க வேண்டும், நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். கீழே உண்டாகிற புகையை மேலே வருகிற காற்றே எரித்துவிடும். நல்ல அடுப்பில் சுவாலை காஸ் போல நிற்கும். ஆனால் இடையில் நிறுத்த முடியாது, இடையில் கூட்டிக் குறைப்பதும் அரைகுறைதான்.

2022இல் காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்று நின்றபோது இந்த அடுப்புகளை நிறையப்பேர் தேடினார்கள். வரிசை குறைந்ததும் மறந்துவிட்டார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் நாலில் மூன்று பங்கு வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. அதிலும் கிராமத்தில் விறகு சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதோடு போட்டி போட்டு யாரும் வென்றதில்லை. என் வியாபாரத்தில் வீட்டுக்காரர்கள் மிகக் குறைவு.

அப்புறம் யார்தான் வாங்குகிறார்கள்?

நாள் முழுக்க ஒரே அளவு சூடு வேண்டியவர்கள். ஹோட்டல், சலவைக்காரர், பேக்கரி, சாப்பாட்டுக் கடை.

கன்னியாவில் வெந்நீர் தானாக ஊற்றெடுக்கிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஹோட்டல்காரர் காசு கொடுத்துத்தான் சூடாக்க வேண்டும். 1,000 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக, சுமாரான பொயிலர் என்றால் 13 கிலோ உமி பெலட் போதும். அதே வேலைக்கு டீசல் 5 லீற்றருக்குக் கிட்ட வேண்டும். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், நான் வேறொன்றும் சொல்லவில்லை.

பேக்கரிக் கதை ஒன்று. கிண்ணியாவில் போறணை வைத்திருக்கிற நானா ஒருவர் இரண்டு மூடை வாங்கிப் போனார். அடுத்த நாள் விடியற்காலை அழைப்பு: "தம்பி, போறணை முழுக்கப் புகை, பாண் எல்லாம் கறுத்துப் போச்சு." போய்ப் பார்த்தால் விறகு அடுக்குகிற இடத்தில் பெலட்டைக் குவித்து வைத்திருக்கிறார். மேலே மட்டும் எரிந்து, உள்ளே புழுங்கிக் கிடக்கிறது. பிழை அவருடையதல்ல, சொல்லாமல் கொடுத்த என்னுடையது. போறணை வாயில் ஒரு பேர்ணர் பொருத்தினோம். தொட்டியிலிருந்து திருகுத்தண்டு பெலட்டைத் தள்ளும், விசிறி ஊதும், சுவாலை மட்டும் உள்ளே போகும். இப்போது அவர் இரண்டு மணிக்கு எழும்பி விறகு பிளப்பதில்லை. பாணில் விறகு மணம் இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டாராம், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

எந்த மெஷின் வாங்கலாம்?

முதலில் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறேன். என் முதல் மெஷினை விற்றவர் "எதைப் போட்டாலும் அடிக்கும்" என்றார். மரத்தூளைப் போட்டுக் காட்டினார். பளபளவென்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து உமியைப் போட்டேன். முதல் வாரம் நன்றாக வந்தது. மூன்றாம் வாரம் குச்சிகள் கையில் எடுத்தாலே பொடிந்தன. தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நேராக இருந்த துளைகள் எல்லாம் குழல் வாய் மாதிரி விரிந்து கிடந்தன. விரலை விட்டால் வழுக்கியது, கண்ணாடி மாதிரி மினுக்கம்.

காரணம் சிலிக்கா. உமியின் எடையில் 20 வீதத்துக்குக் கிட்ட சாம்பல், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. மணலும் அதே சாமான்தான். கடல் மணலால் இரும்பைத் தேய்த்தது போலத்தான். மரத்தூள் அடித்து மாதக்கணக்கில் வருகிற தட்டு, உமியில் சில நூறு மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும். ஆகவே மெஷின் விலையைக் கேட்கும்போதே மாற்றுத் தட்டின் விலையையும் உருளையின் விலையையும் கேளுங்கள். அவை இங்கே கிடைக்குமா, கப்பலில்தான் வர வேண்டுமா என்றும் கேளுங்கள். விற்கிறவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மற்றபடி 15 கிலோவாட்டிலிருந்து 22 கிலோவாட் மோட்டர் வைத்த தட்டை அச்சு மெஷின் (துளைத் தட்டு தட்டையாகப் படுத்திருப்பது) சின்ன வியாபாரத்துக்குப் போதும். மணிக்கு 150 முதல் 300 கிலோ அடிக்கும், விளம்பரத்தில் அதைவிடக் கூடவே போட்டிருப்பார்கள். திரீ பேஸ் கரண்ட் கட்டாயம் வேண்டும். உமியை உங்கள் கண்ணெதிரில் போட்டு ஒரு மணிநேரமாவது அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உமி மூடையை நீங்களே கொண்டுபோங்கள்.

பசை ஏதும் சேர்ப்பீர்களா?

இல்லை. மரத்திலும் உமியிலும் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நெருக்கத்தில் 100 பாகை அளவில் சூடேறும்போது அது இளகி, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மட்டும் 10 முதல் 15 வீதத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பொடியாகும், கூடினால் மெஷின் வாயில் ஆவி வெடித்துக் களியாகும். உமி வழுக்குகிற சாதி என்பதால் கொஞ்சம் மரத்தூளும் ஒரு பிடி தவிடும் கலப்பேன். தவிட்டின் எண்ணெய் தட்டையும் காப்பாற்றுகிறது.

மாரி காலத்தில் எப்படி வைத்திருப்பது?

ஒரு கிளாஸ் தண்ணீரில் நாலு பெலட் போட்டுப் பாருங்கள். முதலில் கீழே போகும். பிறகு ஓரம் பிரியும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கிளாஸ் முழுக்கப் பழையபடி உமித்தூள். தண்ணீர் பட்ட பெலட்டுக்குத் திரும்பிவர வழி இல்லை.

ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் படங்கில் போட்ட மரத்தூள் ஒரு நாளில் காயும். (வெளியூர்க்காரருக்கு: கச்சான் என்றால் இங்கே கடலையும்தான், மேற்கே இருந்து வருகிற அனல் காற்றும்தான்.) அந்தக் காலத்தில் யாரும் சேமிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நானும் படவில்லை. முதல் வருடம் 60 மூடைகளைச் சீமெந்துத் தரையில், சுவரோடு சாத்தி அடுக்கினேன். கூரை ஒழுகவில்லை. மார்கழியில் ஒருநாள் கீழ் வரிசை மூடையை இழுத்தால் அது வரவில்லை, உள்ளே இருந்தது மட்டும் புக்கை மாதிரி கொட்டியது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை. தரை ஊறி, சுவர் ஊறி, சாக்கு உறிஞ்சியிருக்கிறது. இரண்டு வரிசை போயிற்று.

இப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி, சாக்குக்குள் பொலித்தீன் பை. அடித்த பெலட்டைச் சூடாகக் கட்டுவதும் பிழை. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரவு முழுக்கப் பரப்பி ஆறவைத்துக் காலையில்தான் மூடை கட்டுவோம்.

வைத்திருப்பதில் ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு, இதைப் பலர் அறிவதில்லை. புதிதாக அடித்த பெலட், குறிப்பாக மரத்தூள் பெலட், பெரும் குவியலாக மூடிய அறையில் கிடந்தால் கார்பன் மொனொக்சைட் வாயுவை விடும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெலட் ஏற்றிய கப்பல்களின் அறைக்குள் இறங்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள். எங்கள் கொட்டில் நாலு பக்கமும் காற்றோட்டம், அதனால் பயமில்லை. நீங்கள் தொட்டி கட்டினால் கதவைத் திறந்து காற்றுப் போகவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும், தனியாக இறங்கக் கூடாது.

அரைக்கும்போது பறக்கிற தூசியும் அப்படித்தான். நெஞ்சுக்கும் கெடுதல், தீப்பொறி பட்டால் பற்றும். மாஸ்க் போடாமல் என் பெடியன்களை மெஷினுக்குக் கிட்ட விடுவதில்லை. பீடிக்கு வெளியே.

சாம்பலை என்ன செய்வது?

உமி பெலட் எரிந்த பிறகும் அதே உருவத்தில் நிற்கும். குச்சி அப்படியே இருக்கும், நிறம் மட்டும் சாம்பல். விரலால் தொட்டால் உதிரும். பார்க்க அழகுதான், ஆனால் தட்டில் நின்றுகொண்டு காற்றை மறிக்கும். அதனால் உமி பெலட்டுக்கு ஆடுகிற தட்டோ, கிளறுகிற கம்பியோ வைத்த பேர்ணர் வேண்டும். மரத்தூள் பெலட்டுக்குச் செய்த வெளிநாட்டு அடுப்பை வாங்கினால் அரைமணியில் மூச்சுத் திணறும்.

நூறு கிலோ எரித்தால் 17 முதல் 20 கிலோ வரை சாம்பல். கறுப்பாக, கரி கலந்து வருவது நாற்றுமேடைக்கும் பூச்சாடிக்கும் நல்லது. எங்கள் அப்பாச்சிமார் பல் விளக்கிய உமிக்கரி இதன் சொந்தம்தான், ஆனால் பொயிலர் சாம்பலால் பல் விளக்காதீர்கள். கடும் சூட்டில் எரிந்து வெள்ளையாக வருவதில் சிலிக்கா பளிங்காக மாறியிருக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். நனைத்துத்தான் அள்ள வேண்டும். செங்கல் அறுக்கிறவர்கள் வாங்குவார்கள், சீமெந்தோடு கலக்கவும் உதவும்.

உண்மையில் இது புதுப்பிக்கத்தக்க எரிபொருளா? புகை புகைதானே?

நெல் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமிலவாயுவைத்தான் உமி எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. அடுத்த போகத்தில் பயிர் அதைத் திரும்ப எடுக்கும். பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்தில் இரண்டு முறை நடக்கிற சுற்று இது. நிலத்துக்குள் கோடிக்கணக்கான வருடம் கிடந்த எண்ணெயை எடுத்து எரிப்பது வேறு கதை.

ஆனால் செலவில்லாமல் வருவதில்லை. ஒரு தொன் அரைத்து அடிக்க எனக்கு ஏறக்குறைய 100 யுனிட் கரண்ட் போகிறது. அது பெலட்டில் உள்ள சூட்டில் இரண்டரை வீதம். அந்தக் கரண்ட் நிலக்கரியிலிருந்து வந்தது என்றால், அங்கே எரிந்ததையும் சேர்த்து 7 வீதம். ஈர மரத்தூளை எண்ணெய் எரித்துக் காயவைத்தால் கணக்கே தலைகீழாகிவிடும், அதனால்தான் வெயிலை நம்பியிருக்கிறேன்.

புகையைப் பொறுத்தவரை, குவியலில் புழுங்குகிற உமிக்கும் காற்று அளவாகப் போகிற பேர்ணருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புகையே இல்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். பொயிலருக்குத் தூசி பிடிக்கிற சைக்குளோனும் உயரமான புகைபோக்கியும் வேண்டும்.

மின்சாரம் எடுக்கலாமா?

எடுக்கிறார்கள், ஆனால் அதற்குப் பெலட் வேண்டாம். டோக்கியோ சிமெந்து நிறுவனம் திருகோணமலையில் 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்நிலையம் வைத்திருக்கிறது. இந்த அளவு நிலையம் முழுவேகத்தில் ஓடினால், என் கணக்கில், மணிக்கு 10 தொன்னுக்குக் கிட்ட உமியோ அதற்கு ஈடான விறகோ தின்னும். பெரிய வாய் அது. அப்படி ஒரு வாய் இருக்கிற மாவட்டத்தில் உமி எப்போதும் சும்மா கிடைக்கும் என்று நினைத்து வியாபாரம் தொடங்காதீர்கள்.

சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வந்திருந்தால் பெலட்டைக் கலந்து எரித்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அந்தத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, பிறகு அங்கே சூரிய மின்சாரத் திட்டம்தான் வந்தது. இந்தியாவில் நிலக்கரி நிலையங்கள் 5 வீதமாவது பயிர்க்கழிவுப் பெலட் கலக்க வேண்டும் என்று 2021இல் கொள்கை கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தாலும், 5 வீதம் என்பது சம்பூர் அளவு நிலையத்துக்கு வருடத்துக்குப் பல்லாயிரம் தொன். என் மெஷின் இரவு பகலாக ஓடினாலும் எட்டாது.

துறைமுகம் பக்கத்தில் இருக்கிறதே, ஏற்றுமதி செய்யலாமா?

உமி பெலட்டை வெளிநாட்டு வீட்டு அடுப்புக்கு விற்க முடியாது. ஐரோப்பாவில் முதல்தர மரப் பெலட்டுக்குச் சாம்பல் 0.7 வீதத்துக்குள் நிற்க வேண்டும். எங்களுடையது 17க்கு மேல். வேறு கேள்வி கேளுங்கள்.

கழிவு போதாவிட்டால் காடு வெட்டத் தொடங்கிவிடுவார்களே?

பயம் நியாயமானது. அதற்கு மாற்று சீமைக்கிளுவை, வாயில் வருகிற பேர் கிளிசரியா. 2005இல் அரசாங்கம் அதைத் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வேலிக் கதியாலாக நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலை மாட்டுக்கும் மண்ணுக்கும், தடி நெருப்புக்கு. காட்டு மரம் அரைத்த தூள் என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை.

நல்ல பெலட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றை எடுத்து ஒடியுங்கள். "டக்" என்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. பக்கம் மினுமினுப்பாக இருக்க வேண்டும். மூடையின் அடியில் கையை விட்டுத் தூள் எவ்வளவு என்று பாருங்கள்.

மரத்தூள் பெலட் என்று விலை கூட்டிச் சொன்னால், ஒரு கிலோவை முழுதாக எரித்துச் சாம்பலை நிறுங்கள். நல்ல மரத்தூளில் 10, 20 கிராம்தான் மிஞ்சும். 100 கிராம் வந்தால் பாதி அளவு உமி கலந்திருக்கிறது. என்னிடம் வாங்குவதையும் இப்படிச் சோதிக்கலாம், கோபிக்க மாட்டேன்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

பிரதேச சபையின் வியாபார அனுமதி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உங்கள் அளவுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை மெஷின் இறக்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். சத்தமும் தூசியும் அயலாருக்குப் பொறுக்காது, வீடுகளுக்கு நடுவில் போடாதீர்கள்.

நானும் தொடங்க விரும்புகிறேன். முதலில் என்ன செய்ய?

மெஷின் பார்க்கப் போகாதீர்கள், நெருப்புப் பார்க்கப் போங்கள். உங்கள் ஊரில் யார் நாள்தோறும் விறகோ டீசலோ எரிக்கிறார், எத்தனை கிலோ, எத்தனை லீற்றர், அடுப்பின் வாய் எப்படி இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று பேராவது மாதாமாதம் எடுப்போம் என்று சொல்ல வேண்டும், பேர்ணர் பொருத்தச் சம்மதிக்க வேண்டும். பிறகு உமிக்கு இரண்டு மில்லுடன் பேசுங்கள். ஒன்று போதாது. அறுவடைக் காலத்தில் அள்ளிக்கொண்டு போ என்பார், மார்கழியில் கேட்டால் காசு சொல்வார். அதனால் நான் மாசி, பங்குனியில் உமியை வாங்கி அடித்து வைத்துவிடுகிறேன். இதெல்லாம் முடிந்த பிறகு மெஷின்.

சோதித்துப் பார்க்க ஒரு மூடை தருவீர்களா?

தருகிறேன். வெறும் பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். உள்ளே பொலித்தீன் போட்ட பை பெலட்டைவிடக் கஷ்டப்பட்டுத் தேடியது.